வலசைக் காலமும் குளக்கரைக் கணக்கும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரிகளும் கண்மாய்களும் நிறைந்திருக்கும் மார்கழி, தை மாதங்களில், தமிழ்நாட்டின் பல ஊர்களில் விடியலுக்குச் சற்று முன்பே ஏதேனும் ஒரு நீர்நிலையின் கரையில் பத்து இருபது பேர் கூடுவது இப்போது ஆண்டுதோறும் நிகழும் வழக்கமாகிவிட்டது. அவர்களுள் பள்ளி ஆசிரியர், வங்கி ஊழியர், கல்லூரி மாணவி, ஓய்வுபெற்ற பொறியாளர், உழவர் எனப் பல தரப்பினரும் உண்டு. பறவையியலை முறையாகப் பயின்றவர்கள் மிகச் சிலரே. இயற்கைக் கழகம் என்றோ பறவை ஆர்வலர் குழு என்றோ அழைக்கப்படும் இந்த ஊர்க் குழுக்கள் குளிர்காலத்தில் நடத்தும் பறவை நோக்கு நடைகளும் கணக்கெடுப்புகளும் விடுமுறை நாள் ஆர்வமாகத் தொடங்கியவைதான் எனினும், அவற்றில் சேர்ந்துவரும் பதிவுகள் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளின் நிலையை அறிய உதவும் முதன்மையான ஆவணங்களுள் ஒன்றாக வளர்ந்திருக்கின்றன. அரிய பறவைகளைத் தேடி ஊர் ஊராகச் செல்லும் ஆர்வம் இந்த வளர்ச்சியில் சிறிதளவே பங்கு பெற்றது. ஒரே குளத்துக்கு, ஒரே மாதத்தில், ஆண்டு தவறாமல் திரும்பிச் சென்று, அங்கே இருப்பவற்றையெல்லாம் எண்ணி எழுதிவைக்கும் பொறுமையே இதனைப் பெரிதும் உருவாக்கியது.

இத்தகைய அமைப்புகளுள் மூத்தவற்றில் ஒன்றான சென்னை இயற்கையியலாளர் சங்கம் 1978-இல் தோன்றியது. கோயம்புத்தூர், திருப்பூர், சேலம், மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி ஆகிய ஊர்களில் அதன்பின் உருவான குழுக்கள் ஒவ்வொன்றும் தத்தம் வட்டாரத்து நீர்நிலைகளைத் தம்முடைய களமாக்கிக்கொண்டன; சென்னையினருக்குப் பழவேற்காடும் பள்ளிக்கரணையும், கோவையினருக்கு உக்கடம், சிங்காநல்லூர், சூலூர்க் குளங்களும், திருப்பூரினருக்கு நஞ்சராயன் குளமும் அவ்வாறு அமைந்தன. அரங்குகளில் நடக்கும் மாதாந்தரச் சொற்பொழிவுகள், பள்ளிகளில் நடத்தப்படும் படக்காட்சிகள், புதியவர்களுக்கான பயிற்சி வகுப்புகள் ஆகியவை ஆண்டு முழுவதும் தொடர்ந்தாலும், குழுவின் உயிர்த்துடிப்பு ஐப்பசிக்கும் மாசிக்கும் இடைப்பட்ட மாதங்களிலேயே மிகுந்திருக்கும். வலசைப் பறவைகள் இங்கே தங்கும் காலம் அதுவே என்பதால் இவ்வாறு அமைகிறது.

வலசை என்பது, இனப்பெருக்கம் செய்யும் இடத்துக்கும் அப்பருவம் முடிந்தபின் இரை தேடி வாழும் இடத்துக்கும் இடையே, குறிப்பிட்ட காலத்தில், பெரும்பாலும் குறிப்பிட்ட வழித்தடத்தில் பறவைகள் ஆண்டுதோறும் மேற்கொள்ளும் இடப்பெயர்ச்சியாகும். வடதுருவப் பகுதியிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை 30 நாடுகளைத் தழுவி நீளும் மத்திய ஆசிய வான்வழி எனப்படும் வழித்தடத்தின் தெற்குப் பகுதியில் தமிழ்நாடும் இலங்கையும் அமைந்துள்ளன. குளிருக்கு அஞ்சியே பறவைகள் தெற்கே வருகின்றன என்ற எண்ணம் பரவலாக இருப்பினும், உண்மையில் அவற்றை நகர்த்துவது உணவு. வடக்கே நிலமும் நீரும் உறைந்து, புழுபூச்சிகளும் நீர்த்தாவரங்களும் எட்டாமற்போகும்போது, பருவமழையால் புதுநீர் பெற்ற தென்னிந்தியக் குளங்களின் ஓரச் சேறு அவற்றுக்கு வேண்டிய இரையை மிகுதியாக வைத்திருக்கிறது.

இந்த வருகை ஒரே நாளில் நிகழ்வதன்று. ஆவணியிலேயே பொறி உள்ளான் போன்ற கரைப்பறவைகள், அதாவது நீர்விளிம்பின் சேற்றில் அலகால் துழாவி இரையெடுக்கும் பறவைகள், வரத் தொடங்கிவிடுகின்றன. மலைப்பகுதி ஓடைகளின் ஓரத்தில் சாம்பல் வாலாட்டி புரட்டாசியில் தோன்றுகிறது. தகைவிலான்கள் மின்கம்பிகளில் வரிசையாக அமர்வதும், சோளக்காடுகளில் சூறைக்குருவிகள் கூட்டங்கூட்டமாக இறங்குவதும் அதையொட்டியே நிகழ்கின்றன. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் ஆகிய வாத்தினங்கள் குளங்கள் நிறைந்தபின், கார்த்திகை, மார்கழியில் பெருகுகின்றன. எடையில் ஏறக்குறைய 25 கிராமே உள்ள கொசு உள்ளான், மரங்களற்ற வடதுருவச் சமவெளியில் குஞ்சு பொரித்துவிட்டுக் கோடியக்கரை உப்பளங்கள் வரை பறந்து வருகிறது என்பதும், மங்கோலியாவிலும் திபெத்தியப் பீடபூமியிலும் இனப்பெருக்கம் செய்யும் வரித்தலை வாத்து, ஆக்சிஜன் மிகக் குறைந்த உயரங்களில் இமயத்தைக் கடந்து திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தை வந்தடைகிறது என்பதும், எத்தனை முறை படித்தாலும் வியப்புக் குறையாத செய்திகள். அந்த வாத்தின் குருதியிலுள்ள ஹீமோகுளோபின், அதாவது ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் புரதம், மற்ற வாத்தினங்களினுடையதைவிட இறுக்கமாக ஆக்சிஜனைப் பற்றிக்கொள்வதே அப்பயணத்தை இயலச்செய்யும் காரணங்களுள் ஒன்று.

வலசை வரும் பறவைகள் எல்லாம் நாட்டெல்லையைக் கடந்து வருபவையும் அல்ல. விடியலிலும் அந்தியிலும் ஏறக்குறைய ஆறு மணியளவில் குரல் கொடுப்பதால் ஆறுமணிக்குருவி என்று பெயர்பெற்ற வண்ணப்பறவை, வட, மத்திய இந்தியக் காடுகளில் கூடுகட்டிவிட்டுக் குளிர்காலத்தில் தமிழகத்துத் தோப்புகளுக்கும் வளாகங்களுக்கும் வருகிறது. நீண்ட பயணத்தில் களைத்துப்போன இப்பறவை மாடிக் கண்ணாடிகளில் மோதி விழுந்து கிடப்பதைக் கண்டு பறவைக் குழுக்களை அழைப்பவர்கள் ஒவ்வோர் ஐப்பசியிலும் உண்டு.

இவ்விடத்தில் ஒரு பிழையான வழக்கைத் திருத்தியாக வேண்டும். வேடந்தாங்கலிலும் வெள்ளோட்டிலும் கூந்தன்குளத்திலும் மரங்கள் மறையும் அளவுக்குக் கூடும் பறவைகளை வெளிநாட்டுப் பறவைகள் என்று செய்தித்தாள்கள் ஆண்டுதோறும் எழுதுகின்றன. அங்கே கூடுகட்டும் மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நீர்க்காகம், கொக்கு வகைகள் ஆகியவை இந்த மண்ணிலேயே முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பவை. மழைக்குத் தக்கபடி துணைக்கண்டத்துக்குள் இடம் மாறுபவை. பழவேற்காட்டின் பூநாரைகளும் சைபீரியாவிலிருந்து வருபவை அல்ல. இந்தியாவில் அவற்றின் பெரும் இனப்பெருக்கக் களம் குசராத்தின் ரண் உப்புச் சதுப்பில் இருக்கிறது. விருந்தினர் என்று எண்ணினால் அவர்கள் வந்துபோகும் சில வாரங்களுக்கு மட்டும் குளத்தைக் காத்தால் போதும் என்ற எண்ணம் வளரும். குடியிருப்போர் என்று அறிந்தால், கூடுகட்டும் மரமும், குஞ்சுக்கு இரை தேடும் வயலும், கோடையில் எஞ்சும் நீரும் ஆகிய அனைத்தும் ஆண்டு முழுவதும் தேவை என்பது விளங்கும். பறவைக் குழுக்களின் நடைகளில் புதியவர்களுக்கு முதலில் கற்பிக்க வேண்டிய பாடம் இதுவே என்று கொள்ளலாம்.

வேடந்தாங்கல் மக்கள் இதனை நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதைக் கண்டிருந்த அவ்வூரார், பறவைகளைச் சுடுவதைத் தடுக்கக் கோரி 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அன்றைய செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸிடமிருந்து உறுதிச்சீட்டுப் பெற்றனர்.

எண்ணத் தொடங்கிய வரலாறு

பறவைகளைப் பார்ப்பதோடு நில்லாமல் அவற்றைக் குழுவாக எண்ணிப் பதியும் வழக்கத்துக்கு ஒரு தெளிவான தொடக்கம் உண்டு. அமெரிக்காவில் கிறித்துமசு நாளன்று ஆடவர் அணிகளாகப் பிரிந்து கண்ணில் பட்ட பறவைகளையும் விலங்குகளையும் சுட்டு, யார் மிகுதியாகக் கொன்றனர் என்று போட்டியிடும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டில் நிலவியது. பறவையியலாளர் ஃபிராங்க் சாப்மன் 1900-ஆம் ஆண்டில் அதற்கு மாற்றாக, சுடுவதை விட்டுவிட்டு எண்ணுமாறு அழைப்பு விடுத்தார். 27 பேர் 25 இடங்களில் எண்ணினர். நூறாண்டுகளைத் தாண்டியும் இடைவிடாது நடந்துவரும் அந்தக் கணக்கெடுப்பு, வட அமெரிக்கப் பறவைகளின் ஏற்ற இறக்கத்தை அறிய இன்றும் ஆய்வாளர்கள் நாடும் சான்றாக விளங்குகிறது. துப்பாக்கியைக் கீழே வைத்தவர்கள் அடுத்த ஆண்டும் அதே இடத்துக்குத் திரும்பினர் என்பதில்தான் அந்நிகழ்வின் முழு மதிப்பும் அடங்கியிருக்கிறது.

ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987-இல் இந்தியத் துணைக்கண்டத்தில் தொடங்கிப் பிற ஆசிய நாடுகளுக்கும் விரிந்தது. சனவரி மாதத்தின் இரண்டாம், மூன்றாம் வாரங்களில் அது நடத்தப்படுவதற்குக் காரணம் உண்டு. அந்நாள்களில் தெற்கு நோக்கிய வலசை முடிந்து, வடக்கு நோக்கிய திரும்பல் இன்னும் தொடங்காதிருப்பதால் பறவைகள் பெரும்பாலும் தங்கிய இடத்திலேயே இருக்கும். ஒரே பறவை இரண்டு ஊர்களில் இரண்டு முறை எண்ணப்படும் வாய்ப்புக் குறைவு. பல நாடுகளில் ஒரே காலத்தில் எண்ணுவதால், ஓர் இனத்தின் மொத்தத் தொகை உயர்கிறதா தாழ்கிறதா என்று மதிப்பிட முடிகிறது. தமிழ்நாட்டு வனத்துறை ஆண்டுதோறும் நடத்தும் ஒருங்கிணைந்த பறவைக் கணக்கெடுப்பிலும் நீர்ப்பறவைகளுக்கு ஒரு சுற்றும் நிலப்பறவைகளுக்கு ஒரு சுற்றும் ஒதுக்கப்படுகின்றன. அவ்விரண்டிலும் துறைப் பணியாளர்களோடு உள்ளூர்ப் பறவைக் குழுவினர் இணைந்து எண்ணுகின்றனர்.

தாமிரபரணிப் படுகையில்

ஊர்க் குழுக்களின் ஒத்துழைப்பால் என்ன செய்ய இயலும் என்பதற்குத் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு சிறந்த சான்று. பொதிகை மலையில் தோன்றிப் புன்னக்காயலில் கடலோடு கலக்கும் அந்த ஆற்றின் குறுக்கே 8 அணைக்கட்டுகள் உள்ளன. அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள் வழியே ஒன்றின் மறுகால் நீர் அடுத்ததை நிறைக்கும்படி அமைந்த நூற்றுக்கும் மேற்பட்ட குளங்கள் நீர் பெறுகின்றன. மறுகால் என்பது குளம் நிறைந்தபின் மிகுநீர் வழிந்தோடும் வழியாகும். நெல்லுக்காக வெட்டப்பட்ட இந்தக் குளத்தொடரே பறவைகளுக்கும் வாழிடமானது. அசோகா சூழலியல் மற்றும் சுற்றுச்சூழல் ஆராய்ச்சி அறக்கட்டளையின் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள பாதுகாப்பு மையம் 2011-இல் தொடங்கிய இக்கணக்கெடுப்பில், திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களைச் சேர்ந்த இயற்கை ஆர்வலர்களும் கல்லூரி மாணவர்களும் அணிகளாகப் பிரிந்து தை மாதத்தில் குளங்களை எண்ணுகின்றனர்.

ஒரு குளத்தை எண்ணுவது எளிய வேலையன்று. அணி, சூரியன் பின்னால் இருக்குமாறு கரையில் ஓரிடத்தைத் தேர்ந்து நிற்கும்; எதிர் வெயிலில் எல்லாப் பறவையும் கரிய நிழலாகவே தெரியும் என்பதால் இது முதல் விதி. இருகண்நோக்கியில் பொறித்திருக்கும் 8x42 என்ற குறியீட்டில் 8 என்பது உருவம் எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பதையும், 42 என்பது முன்வில்லையின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர் என்பதையும் குறிக்கும். வில்லை அகன்றிருந்தால் விடிகாலையின் மங்கிய ஒளியிலும் காட்சி தெளிவாகும். நடுக்குளத்தில் மிதக்கும் வாத்துகளை அறிய, முக்காலியில் பொருத்திய தொலைநோக்கியும் தேவைப்படும். ஒருவர் பார்த்து இனத்தையும் எண்ணிக்கையையும் சொல்ல, மற்றொருவர் எழுதுவார்; இருவர் தனித்தனியாக எண்ணி ஒப்பிடும் வழக்கமும் உண்டு. நாற்பது ஐம்பது பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். நாமக்கோழிகளும் நீலச்சிறகிகளும் ஆயிரக்கணக்கில் பரவியிருக்கும்போது, முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அவை கண்ணுக்கு எவ்வளவு பரப்பை அடைத்துக்கொள்கின்றன என்று மனத்தில் கொண்டு, அந்தப் பரப்பு எத்தனை முறை அடங்கும் என்று அளந்து செல்ல வேண்டும். தொகுதி மதிப்பீடு எனப்படும் இம்முறையில் புதியவர்கள் பெரும்பாலும் உண்மையைவிடக் குறைத்தே சொல்வர் என்பதால், தேர்ந்தவர் ஒருவர் அருகில் நின்று பழக்குவது இன்றியமையாதது. நடுவில் சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்துவிட்டால் குளம் முழுவதும் எழும்பிச் சுழன்று வேறிடத்தில் இறங்கும். அப்போது கணக்கை முதலிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

குளத்தின் எந்தப் பகுதியில் எந்தப் பறவை என்பதும் எழுதப்படும். ஏனெனில் நீரின் ஆழமே பறவைகளுக்கு இடம் வகுக்கிறது. விரலளவு நீரும் ஈரச்சேறும் உள்ள விளிம்பில் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும், முழங்கால் ஆழத்தில் நெடுங்கால் உள்ளானும் கொக்குகளும், இலைகள் மிதக்கும் பரப்பில் இலைக்கோழிகளும், ஆழ்நீரில் நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும், நீர்ப்பரப்பின் மேல் மீசை ஆலாக்களும், கரையோரத்துக் கருவேல மரங்களில் கூடுகட்டும் நாரைகளும் காணப்படும். ஆகவே ஓராண்டில் மழை மிகுந்து குளம் விளிம்புவரை நிறைந்துவிட்டால் உள்ளான்களுக்கு அங்கே நிற்க இடமிராது. மழை பொய்த்தால் வாத்துகள் வாரா. எண்ணிக்கை குறைந்தது என்பதை மட்டும் கொண்டு பறவைகள் அழிகின்றன என்று முடிவு செய்வதோ, பெருகியது என்பதைக் கொண்டு மகிழ்வதோ தவறாகிவிடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டித் தாமிரபரணியின் கீழ்ப்படுகைக் குளங்கள் உடைப்பெடுத்தது போன்ற பேரிடர் நேரும்போது, அதற்கு முந்தைய பத்தாண்டுகளின் கணக்கு கையில் இருப்பவர்களால் மட்டுமே எது தற்காலிகம், எது நிலையான இழப்பு என்று கேட்கவேனும் முடியும். ஒவ்வோர் ஆண்டும் திரும்பிச் செல்வதன் பயன் இதுவே. எந்த ஒற்றை ஆண்டின் கணக்கும் தனித்து நின்று எதையும் நிறுவுவதில்லை.

அடையாளம் காண்பதிலும் பொறுமை வேண்டும். கரைப்பறவைகள் இனப்பெருக்கக் காலத்தின் செம்மையும் கருமையும் கலந்த இறகுகளை உதிர்த்துவிட்டு, சாம்பலும் பழுப்புமான குளிர்கால இறகோடு இங்கே வாழ்வதால், பல இனங்கள் ஒன்றுபோலவே தோன்றும். கொசு உள்ளானின் கால் கருமை, அதனை ஒத்த டெம்மிங்க் உள்ளானின் கால் மஞ்சள் கலந்த பச்சை. அந்தக் காலோ பாதி நேரம் சேற்றில் புதைந்திருக்கும். கோரை உள்ளானையும் ஊசிவால் உள்ளானையும் தரையில் பிரித்தறிவது தேர்ந்தவர்க்கும் கடினம். எழுந்து பறக்கும்போது சிறகின் பின்விளிம்பில் வெண்மை தெரிந்தால் கோரை உள்ளான் என்று கொள்ளலாம். அவ்வாறு தெரியாதபோது, ‘இவ்விரண்டில் ஒன்று’ என்றே பதிவேட்டில் எழுதும் நேர்மையை நல்ல குழுக்கள் பழக்குகின்றன. ஊகித்த பெயரைவிட உறுதியாகத் தெரிந்த ஐயம் அறிவியலுக்கு மதிப்புமிக்கது.

பொங்கல் நாள்களில்

நீர்நிலைகளை விட்டுத் தெருவுக்கும் தோட்டத்துக்கும் வயலுக்கும் இந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்தது, தமிழ்நாட்டுப் பறவை ஆர்வலர்கள் 2015 முதல் நடத்திவரும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. பொங்கல் விடுமுறையின் நான்கு நாள்களில், இருக்கும் இடத்திலேயே குறைந்தது 15 நிமிடம் நின்றோ நடந்தோ கண்ட, கேட்ட பறவைகளை எல்லாம் எண்ணி, இபேர்ட் என்னும் உலகளாவிய தரவுத்தளத்தில் பதிவேற்றுவதே அதன் முறை. சொந்த ஊருக்குத் திரும்பிய மக்கள் தம் ஊர் வயல்வெளியைப் புதிய கண்ணோடு பார்க்கும் நாள்களைத் தேர்ந்தெடுத்தது மிகப் பொருத்தமான முடிவு. அதனைத் தொடர்ந்து பிப்ரவரியில், 1998-இல் வட அமெரிக்காவில் தொடங்கி 2013-இல் உலகெங்கும் விரிந்த நான்கு நாள் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. பள்ளி, கல்லூரி வளாகங்கள் அதில் பெருமளவில் பங்கேற்கின்றன.

இப்பதிவுகளின் அடிப்படை, முழுப்பட்டியல் என்னும் கருத்தாகும். கவர்ச்சியான பறவையை மட்டும் எழுதாமல், அடையாளம் காண முடிந்த அனைத்தையும், காகத்தையும் மைனாவையும் விடாமல், எவ்வளவு நேரம், எவ்வளவு தொலைவு, எத்தனை பேர் என்ற விவரத்தோடு எழுதினால் அது முழுப்பட்டியல். அவ்வாறு எழுதியதில் ஓர் இனம் இடம்பெறவில்லை என்றால், அது அங்கே கண்ணில் படவில்லை என்ற செய்தியும் பதிவாகிறது. ஓர் ஊரில் எழுதப்பட்ட 100 பட்டியல்களில் பனங்காடை முன்பு எத்தனையில் இருந்தது, இப்போது எத்தனையில் இருக்கிறது என்று ஒப்பிட்டு, அதன் போக்கை மதிப்பிட முடிவது இதனாலேயே. 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, ஏறக்குறைய 30,000 பறவை ஆர்வலர்களின் 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை ஆராய்ந்தது. நீண்டகாலப் போக்கை மதிப்பிட முடிந்த 338 இனங்களில் 60 விழுக்காடு குறைந்துள்ளன என்றும், உடனடிக் கவனம் தேவைப்படுபவை 178 இனங்கள் என்றும் அது கண்டறிந்தது; வலசை வரும் கரைப்பறவைகளும் வாத்துகளும் மிகுதியாகக் குறைந்தவற்றுள் அடங்கும். அழிந்துபோய்விட்டதாக எங்கும் பேசப்பட்ட சிட்டுக்குருவி, பெருநகரங்களில் குறைந்திருப்பினும் நாடளவில் ஏறத்தாழ நிலையாக இருக்கிறது என்பதை 2020-இல் வெளியான முதல் அறிக்கை காட்டியது. சிட்டுக்குருவிக்குக் கிடைத்த கவலையில் சிறு பங்குகூடப் பனங்காடைக்குக் கிடைக்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது. வயலோரத்து மின்கம்பியில் அமர்ந்து, பறக்கையில் நீலச் சிறகைக் காட்டும் அப்பறவை நாடெங்கும் விரைந்து குறைந்துவருகிறது.

கணக்குகள் ஏட்டோடு நின்றுவிடாத இடங்களும் உண்டு. திருப்பூரின் சாயக்கழிவால் பெயர் கெட்டிருந்த நொய்யல் படுகையில் அமைந்த நஞ்சராயன் குளத்தின் பறவைகளை அவ்வூர் இயற்கைக் கழகத்தினர் பல ஆண்டுகள் தொடர்ந்து பதிவுசெய்துவந்தனர். அக்குளம் 2022-இல் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-இல் ராம்சார் தளமும் ஆயிற்று. ஈரானின் ராம்சார் நகரில் 1971 பிப்ரவரி 2-ஆம் நாள் கையெழுத்தான பன்னாட்டு உடன்படிக்கையின்கீழ்ச் சிறப்பு பெற்ற நீர்நிலையே ராம்சார் தளம் எனப்படுகிறது. குப்பைமேட்டுக்கும் அடுக்குமாடிகளுக்கும் இடையே சுருங்கிப்போன பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஒரு பகுதி 2007-இல் காப்புக்காடாகவும், 2022-இல் ராம்சார் தளமாகவும் அறிவிக்கப்பட்டதற்குப் பின்னாலும், அங்கே என்னென்ன பறவைகள் வாழ்கின்றன என்று எழுதிக்கொண்டே இருந்தவர்களின் உழைப்பு இருக்கிறது. அறிவிப்பு வந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று சொல்வதற்கில்லை. கழிவுநீர் கலப்பதும், கரையைச் சுற்றிக் கல் பதித்து நடைபாதை அமைத்துக் குளத்தைத் தொட்டியாக்குவதும் தொடரவே செய்கின்றன. அழகுபடுத்தல் என்ற பெயரில் செங்குத்தான கரை எழும்பும்போது முதலில் மறைவது, உள்ளான்கள் இரைதேடும் அந்தச் சேற்றுவிளிம்பு. சீமைக்கருவேலத்தை அகற்றுவது நல்ல நோக்கமே என்றாலும், நாரைகள் கூடுகட்டியிருக்கும் மாதங்களில் வெட்டினால் குஞ்சுகள் மடியும்; எந்தக் குளத்தில் எந்த மாதத்தில் கூடு உண்டு என்ற விவரம் ஊர்ப் பறவைக் குழுவிடமே இருக்கும் என்பதால், வேலை தொடங்குமுன் அவர்களைக் கேட்பது அரசுத் துறைகளின் நடைமுறையாக வேண்டும்.

பறவை நோக்குவோரும் சில கட்டுப்பாடுகளை ஏற்க வேண்டியிருக்கிறது. கூட்டுக்கு அருகே செல்லாதிருத்தல், படம் எடுப்பதற்காகப் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதிருத்தல், ஓய்வெடுக்கும் கூட்டத்தைப் பறக்கவைத்துப் படமெடுக்காதிருத்தல், அரிய பறவையின் கூடு இருக்கும் இடத்தைப் பொதுவெளியில் அறிவிக்காதிருத்தல் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவை மீண்டும் அத்தொலைவைக் கடக்கக் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும் வேளையில், அதனை ஒவ்வொரு முறை விரட்டுவதும் அதன் பயணத்துக்கான எரிபொருளைப் பறிப்பதாகும். விலையுயர்ந்த ஒளிப்படக் கருவிகள் பெருகிய இக்காலத்தில் இந்தக் கட்டுப்பாட்டை உறுதியாகக் கடைப்பிடிக்கும் குழுக்களே மதிக்கத்தக்கவை.

குளத்துக்கு உரிய ஊர் மக்களை விட்டுவிட்டு இப்பணி நிறைவுறாது. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சக்கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. கூந்தன்குளத்தில் தெருவோர மரங்களிலேயே நாரைகள் கூடுகட்ட, கீழே விழுந்த குஞ்சுகளை ஊரார் எடுத்து வளர்த்திருக்கின்றனர். மடை திறக்கும் நீர்ப்பாய்ச்சி, மீன்பாசிக் குத்தகைதாரர், ஆடு மேய்ப்பவர் ஆகியோர் நகரத்திலிருந்து ஒரு காலை மட்டும் வந்துபோகிறவர்களைவிடக் குளத்தை நன்கு அறிவர். எந்த ஆண்டு எந்த மாதத்தில் நீர் வற்றியது, எந்த மரத்தில் முன்பு நாரை இருந்தது, இரவில் கண்ணி வைப்பவர் வருகின்றனரா என்பனவெல்லாம் அவர்களிடம் கேட்டே பதிவேட்டில் ஏறுகின்றன. பறவைகளின் பெயர்களைத் தமிழிலேயே கற்பிப்பதும், படிவங்களைத் தமிழிலேயே அச்சிடுவதும் அவர்களையும் அரசுப் பள்ளி மாணவர்களையும் கணக்கெடுப்பின் உரிமையாளர்களாக்கும்.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய 40,000 ஏரி, குளம், கண்மாய்கள் உள்ளன. அவற்றுள் பறவைகள் முறைப்படி எண்ணப்படுபவை மிகச் சிறிய பங்கே. சரணாலயங்களும் ராம்சார் தளங்களும் கவனம் பெறுகின்றன. அவற்றைச் சுற்றியுள்ள சிறு கண்மாய்களில்தான் அங்கு கூடுகட்டும் நாரைகள் இரைதேடுகின்றன என்பதால், அந்தச் சிறியவற்றின் நிலையும் தெரிந்தாக வேண்டும். அடுத்த தை மாதத்தில் ஊருக்குச் செல்பவர், வீட்டுக்கு மிக அருகிலுள்ள நீர்நிலையைத் தேர்ந்து, காலையில் 15 நிமிடம் நின்று கண்டவற்றை எழுதி, தம் மாவட்டத்துக் குழுவிடம் சேர்க்கலாம். பத்து இனங்களே தெரிந்தாலும் அது ஒரு பட்டியல்தான். தெரியாதவற்றைப் படத்தோடோ குறிப்போடோ அனுப்பினால், பெயர் சொல்லித்தரக் குழுவில் ஒருவர் இருப்பார். அதே கரைக்கு அதற்கடுத்த தையிலும் சென்று எண்ணும்போது, அந்தக் கண்மாய்க்கு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க முதல் கணக்கு கிடைக்கும்.